அம்பில்லாத பரண்

வெளிமான் புழுக்கையும் வெள்ளாட்டுப் புழுக்கையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கிடக்கும் விதத்தில்தான் வித்தியாசம். வெள்ளாடு நடந்துகொண்டே சிந்திக்கொண்டு போகும். ஆண் வெளிமான் தன் எல்லைக்குள் சில இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து போட்டுக் குவிக்கும். குவியலின் அடியில் இருப்பது வெயிலில் வெளுத்து உதிர்ந்திருக்கும். மேலே கிடப்பது கறுத்து மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பார்த்து, நேற்றுப் போட்டதா இன்று விடியலில் போட்டதா என்று சொல்லத் தெரிந்தவர்கள் வல்லநாட்டு மலையடியில் இன்னும் இருக்கிறார்கள். முன்பு அப்படிப்பட்டவருக்கு வேட்டைக்காரர் என்று பெயர். இப்போது அந்தக் கண் மூன்று பேரிடம் பிரிந்து கிடக்கிறது: வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர், உளுந்து விதைத்தவர், இருட்டில் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு வருபவர்.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிறவர்கள் வல்லநாட்டு மலையைப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்திருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையோடு ஒட்டாமல், சமவெளியில் தனியாக விட்டுவிட்டுப் போனதுபோல நிற்கும் முள்காட்டுக் குன்று அது. குடைவேல், விடத்தலை போன்ற முள்மரங்கள்தான் மிகுதி. 1987-இல் இது வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான். இதற்குத் தெற்கே வெளிமான் இல்லை.

பெயரில் மான் இருந்தாலும் விலங்கியலார் இதை மான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஆடு மாடுகளின் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். புள்ளிமானின் கொம்பு விழுந்து முளைக்கும். வெளிமானின் திருகுக் கொம்பு ஒருமுறை முளைத்தால் சாகும்வரை தலையில்தான். தொல்காப்பிய மரபியலும் புல்வாய் என்று தனிப்பெயர் கொடுத்து, அதன் ஆணுக்கு இரலை, கலை என்ற சொற்களை ஒதுக்கியிருக்கிறது. பகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை.

கொம்பு விழுவதா நிலைப்பதா என்பது வேவு பார்க்கிறவருக்குப் பெரிய விஷயம். அமெரிக்காவில் விஸ்கான்சின், அயோவா போன்ற சோளக்காட்டு மாநிலங்களில் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடும் ஒரு பெருங்கூட்டம் உண்டு. அவர்களுக்கு வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில் திறந்து குளிர்காலத்தில் மூடிவிடும். ஆனால் உண்மையான வேலை மூடிய மறுநாளே ஆரம்பித்துவிடுகிறது. பனி உருகும்போது உதிர்ந்து கிடக்கும் கொம்புகளைத் தேடி வயலோரங்களில் நடக்கிறார்கள். கொம்பு கிடைத்தால், அதற்குரிய ஆண்மான் பருவத்தைத் தாண்டிப் பிழைத்திருக்கிறது என்று பொருள். கிளைகளை எண்ணினால் அடுத்த ஆண்டு எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். பிறகு மரப்பட்டையில் கொம்பு தேய்த்த வடு, சோளத்திலிருந்து ஓடைக்கு இறங்கும் ஒற்றையடித் தடம், படுத்து எழுந்த புல். கோடையில் சோயா வயல்களைத் தொலைநோக்கியால் பார்ப்பதும், மரத்தில் தானியங்கிக் கேமரா கட்டுவதும், அம்பு பறக்க இடைஞ்சலான கிளைகளைக் கழிப்பதும் நடக்கின்றன. விதை போட்டு மானுக்கென்றே சிறு தீவன வயல் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? துப்பாக்கிக்காரர் இருநூறு மீட்டரில் நின்று சுட்டுவிட்டுப் போகலாம். வில்காரர் இருபது, முப்பது மீட்டருக்குள் போயாக வேண்டும். மூக்கும் காதும் அவ்வளவு கூர்மையான விலங்கை அந்தத் தூரத்துக்குத் துரத்திப் பிடிக்க முடியாது. அது வரும் இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் மரத்தில் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்திலும் அதற்கு மேலும் இருக்கை கட்டுகிறார்கள். அதற்கு அங்கே கடைகளில் எத்தனையோ மாதிரிகள் விற்கின்றன. நமக்கு அதன் பெயர் பரண்.

அங்கே வில்லின் மறுவரவுக்கு ஒரு மனிதரிலிருந்து கணக்குச் சொல்வது வழக்கம். 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரோரம், தன் இனத்தில் எஞ்சிய கடைசி ஆளாக இஷி என்பவர் காட்டைவிட்டு வெளியே வந்தார். யாகி என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர், அவரிடமிருந்து வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916-இல் இஷி காசநோயில் இறந்தார். 1923-இல் போப் எழுதிய புத்தகம் வில்வேட்டையை அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்காக்கியது. இஷி வேட்டைக்கு முதல்நாள் மீன் தின்னமாட்டார், புகைக்கமாட்டார், விடியலில் ஓடையில் குளித்து வாசனை இலைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார் என்று போப் பதிந்திருக்கிறார். எல்லாம் நாற்றத்துக்குப் பயந்து. (தூத்துக்குடியில் இந்த முதல் விதி ஒன்றே வேட்டையை ஒழித்திருக்கும்.) 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்று தனி மான்வேட்டைப் பருவத்தை முதன்முதலாகத் திறந்தது.

நாற்றம் என்றதும் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. தமிழில் வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று; வாடை என்றால் மணமோ நாற்றமோ. காற்றையும் அது சுமந்து வருவதையும் ஒரே சொல்லுக்குள் போட்டவன் வேட்டைக்காரனாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளத் தடையில்லை. இந்தத் தூத்துக்குடிக் கடற்கரையில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். ஆனி ஆடியில் கச்சான் புழுதியை வாரிக்கொண்டு மேற்கிலிருந்து அடிக்கும்போது, மேற்கே நிற்கிற ஆளின் மணம் மலையடி முழுக்கப் போய்விடும். மறைந்து நிற்கிறவர் கிழக்கே நிற்க வேண்டும். இதற்குக் கருவி தேவையில்லை. பிடி மண்ணை எடுத்து விட்டுப் பார்த்தால் போதும்.

ஆனால் வெளிமானிடம் இந்தச் சாமர்த்தியம் பாதிதான் செல்லும். அது மூக்கைவிடக் கண்ணை நம்பும் பிராணி. திறந்த புல்வெளியில் நிற்பதால் வருகிற ஆளை அரைக் கிலோமீட்டருக்கு முன்பே கண்டுகொள்ளும். முதலில் ஒரு பெட்டை செங்குத்தாகத் துள்ளும்; அடுத்த நொடி கூட்டமே துள்ளத் தொடங்கும்; பிறகு ஓட்டம். அதனால் இந்தியாவில் இதை நெருங்க வேறு தந்திரங்கள் இருந்தன. மாட்டுக்கும் மாட்டுவண்டிக்கும் மான் பயப்படாது என்பதால் அவற்றின் மறைவில் நெருங்கினார்கள். முகலாயர் காலத்தில் பழக்கிய ஆண் மானின் கொம்பில் சுருக்கு மாட்டி அனுப்புவார்கள். எல்லைக்காரன் சண்டைக்கு வருவான், கொம்பு கோத்துக்கொள்ளும், சுருக்கு இறுகும். எந்த ஆண் எந்த மேட்டைத் தன்னுடையதென்று காக்கிறது, எந்த மாதத்தில் கோபம் அதிகம் என்று பல நாள் பார்த்து வைத்திருந்தால்தான் இந்த வேலை நடக்கும். சிவிங்கியை விட்டுப் பிடிப்பது அரசர்களுக்கு. கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்துச் சம்சாரிகளுக்கு, அதாவது விவசாயிகளுக்கு, கன்னியும் சிப்பிப்பாறையும் இருந்தன. ஒடுங்கிய இடுப்பும் நீண்ட காலும் கொண்ட அந்த நாய்களின் உடம்பே முயலும் மானும் ஓடும் வேகத்துக்கு வார்த்த அச்சுதான்.

வல்லநாடு இருக்கும் இந்தத் தூத்துக்குடி மாவட்டத்தில் வில்லுக்கும் தடயம் உண்டு. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணியைக் கடந்தால் கொஞ்ச தூரத்தில் ஆதிச்சநல்லூர். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில் அங்கே தோண்டியெடுத்த இரும்புப் பொருட்களில் வாள், ஈட்டிமுனையோடு அம்புமுனைகளும் இருந்தன. நூறு ஆண்டுகள் கழித்து, 2004-இல் தொடங்கிய அகழாய்வில் ஒரு பானைத்துண்டு கிடைத்தது. அதில் புடைப்பாக ஒட்டிய உருவங்கள்: உயரமான ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, மான், முதலை. ஆய்வாளர்கள் பெண்ணைப் பற்றி நிறையப் பேசினார்கள். விவசாயி கண்ணில் முதலில் படுவது வேறு. கதிரும் மானும் ஒரே சட்டத்துக்குள் நிற்கின்றன. பானை செய்தவர் அதை அழகென்று பார்த்தாரா, புகாராகப் பதிந்தாரா என்று கேட்க இப்போது வழியில்லை.

ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக்கும் ஒரு வேட்டைக்கதைதான் அடித்தளம். ஏழு நாய்கள் ஒரு முயலைத் துரத்திக்கொண்டு போக, ஓர் இடத்தில் முயல் திரும்பி நின்று நாய்களை எதிர்த்ததாம். அந்த மண்ணுக்கு அப்படியொரு வீரம் இருக்கிறதென்று கட்டபொம்மன் வம்சத்து முன்னோர் அங்கேயே கோட்டை கட்டினார்கள் என்பார்கள். விஜயநகரத்துக்கும் வேறு சில ஊர்களுக்கும் இதே கதை உண்டு என்பது தெரிந்ததுதான். பாளையக்காரர் போர் 1801-இல் முடிந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி தென்பாண்டிச் சீமையின் ஆயுதங்களைப் பறித்தது. கோட்டை தரைமட்டமானது. வேட்டை துரைகளின் கைக்குப் போனது.

கடைசியாக 1972 வந்தது. அந்த ஆண்டு அமெரிக்கா வில்லுக்கும் அம்புக்கும் 11 விழுக்காடு வரி போட்டு, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்குப் போக வழி செய்தது. வேட்டைக்காரர் காசில் வேட்டைவிலங்கைக் காப்பது அவர்கள் ஏற்பாடு. அதே ஆண்டு இந்தியா வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வெளிமான் முதல் அட்டவணையில் ஏறியது. கொல்வது மட்டும் அந்தச் சட்டத்தில் வேட்டை இல்லை. பிடிப்பது, சுருக்கு வைப்பது, விஷம் வைப்பது, அதற்காக விரட்டுவது, முயல்வது எல்லாமே வேட்டை. காட்டில் உதிர்ந்து கிடக்கும் புள்ளிமான் கொம்பைப் பொறுக்கி வீட்டில் வைத்தாலும் வழக்கு வரும். ராஜஸ்தானின் காங்கானி கிராமத்தில் 1998-இல் இரண்டு வெளிமான்கள் சுடப்பட்ட வழக்கு இருபது ஆண்டு நடந்து 2018-இல் நடிகர் சல்மான் கானுக்கு ஐந்து ஆண்டு தண்டனையில் வந்து நின்றதும், அவர் மேல்முறையீடு செய்ததும் ஊரறிந்த கதை.

ஆக, பருவம் மூடிவிட்டது. திறக்கப்போவதும் இல்லை. ஆனால் பருவத்துக்காகச் செய்துவந்த வேவு மட்டும் நிற்கவில்லை. தூத்துக்குடிக்கு இது இரண்டாவது முறை.

முதல் முறை கடலில் நடந்தது. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழிலென்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சிப்பி விளைந்தால்தான் குளிப்பு. விளைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் நிரந்தர வேலை. சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான முத்துப் பார்கள் அரசாங்கத்தின் சொத்து. அதற்கென்று கண்காணிப்பாளர் உண்டு. ஜேம்ஸ் ஹார்னெல் அந்தப் பொறுப்பில் இருந்தவர். பருவத்துக்குப் பல மாதம் முன்பே படகெடுத்துப் போய், தொலையிரம் பார் போன்ற இடங்களில் குளியாட்களை இறக்கி, கண்ட சிப்பியின் வயதையும் நெருக்கத்தையும் கணிப்பார்கள். மாதிரிக்கு எடுத்த சிப்பிகளை அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளிடம் மதிப்பிடக் கொடுப்பார்கள். ஆதாயம் தெரிந்தால்தான் அறிவிப்பு வரும். ஓராண்டு முந்தினால் முத்து தேறாது. ஓராண்டு பிந்தினால் முதிர்ந்த சிப்பி பாரிலேயே செத்துப்போகும். கடைசியாக 1955-இலிருந்து 1961 வரை தொடர்ச்சியாகக் குளிப்பு நடந்தது. அதன்பின் இல்லை. ஆனாலும் மீன்வளத் துறையும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பல ஆண்டுகள் பார்களில் மூழ்கிச் சிப்பியைத் தேடிக்கொண்டிருந்தன. 1973-இல் அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியதற்கு, அந்தத் தேடலில் சேர்ந்த அறிவும் ஒரு காரணம்.

வல்லநாட்டு வேவு கணக்கெடுப்பு என்ற பெயரில் நடக்கிறது. விடியலில் குழுக்களாகப் பிரிந்து, முன்பே குறித்துவைத்த நேர்கோட்டில் நடக்கிறார்கள். கண்ட கூட்டத்தில் ஆண் எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை, கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று படிவத்தில் எழுதுகிறார்கள். புழுக்கையும் குளம்புத் தடமும் சாட்சி. சத்தம் போடக்கூடாது, மணக்க மணக்கத் தைலம் பூசிக்கொண்டு வரக்கூடாது, பளிச்சென்ற சட்டை கூடாது. இஷி ஒப்புக்கொள்ளும் விதிகள். கோடையில் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்புவதும் சீமைக்கருவேலத்தை வெட்டிப் புல்லுக்கு வெயில் விடுவதும், விஸ்கான்சின்காரர் மானுக்குத் தீவனம் விதைப்பதற்கு ஒப்பான வேலைகள். முடிவில் அங்கே அம்பு, இங்கே ஒரு எண்.

குன்றுக்கு வெளியே நடக்கும் வேவுக்குப் படிவம் கிடையாது. இந்த மாவட்டத்தின் வடபாதி மானாவாரிக் கரிசல். புரட்டாசியில் விதைப்பு, வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, தை மாசியில் அறுவடை. கோவில்பட்டிப் பக்கம் குருமலைக் காட்டில் புள்ளிமான் இருக்கிறது. மலையை ஒட்டிய நிலத்தில் முளைத்த பயறு இரண்டு இலை விட்டதுமே இறங்கிவிடும். மானாவது குருத்தைக் கிள்ளிவிட்டுப் போகும். காட்டுப்பன்றி வேரோடு உழுதுவிட்டுப் போகும். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் இந்த மனு பழகிப்போன ஒன்று.

அதனால் சம்சாரிக்கும் வேட்டையில்லாத காலம் ஒன்று உண்டு. சித்திரையிலிருந்து ஆடி வரை நிலம் சும்மா கிடக்கும்போது, அவர் வேலியோரமாக நடந்து போன ஆண்டு எந்த இடைவெளியில் நுழைந்தன என்று பார்க்கிறார். ஓடையில் தண்ணீர் எங்கே கடைசியாக வற்றுகிறதோ அங்கே தடம் குவியும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வரப்பில் முள் வெட்டிப் போடுகிறார். பழைய சேலைகளைச் சேர்த்துவைத்து வயலைச் சுற்றிக் கட்டுகிறார். தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே துணி காயப்போட்டது மாதிரி இருக்கும். முடிதிருத்தும் கடையில் கூட்டிய முடியை மூட்டையாக வாங்கி வந்து வரப்போரம் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். மனித வாடைக்குப் பன்றி ஒதுங்கும் என்று கணக்கு. வில்காரர் மறைக்கப் படாதபாடு படும் மணத்தை, இவர் மூட்டை கட்டி விலைகொடுத்து வாங்குகிறார். பிறகு நான்கு கம்பு நட்டுப் பரண் போடுகிறார். கார்த்திகை மார்கழிப் பனியில் டார்ச்சும் தகரமுமாக அறுபது எழுபது இரவு அதில் படுத்துக் கிடக்கிறார். எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, எத்தனை என்பது அவருக்கு மனப்பாடம். ‘ராத்திரி எறங்கிருச்சு’ என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், எது இறங்கியது என்று கேட்க வேண்டியதில்லை. எங்கே என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

2025 சனவரியில் தமிழக அரசு பன்றிக்கு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது; ஒன்று முதல் மூன்று வரை பிடித்து அப்புறப்படுத்தலாம்; மூன்றைத் தாண்டினால் வனத்துறை சுடலாம். மானுக்கு அப்படி வழி இல்லை, வரவும் வேண்டாம். வல்லநாட்டில் இருப்பது வேறெங்கிருந்தும் வந்து சேர முடியாத தனிக்கூட்டம். நாய்க்கும் வாகனத்துக்கும் சுருக்குக்கும் அது ஏற்கனவே நிறையக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இழப்பீட்டுக்கு மனுப் போடும்போது மேய்ந்தது மான்தான் என்று சம்சாரி நிரூபிக்க வேண்டியிருப்பதும், அதே மானைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எதையும் யாரும் கேட்டுக்கொள்ளாததும் ஒரே துறையின் வாசலில் நடக்கின்றன. இது அநியாயம் என்பதைவிட அசட்டுத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். சில நாள் நடக்கிற கணக்கெடுப்புக்குக் கல்லூரி மாணவர்களைத் தேடிப்பிடித்துப் புழுக்கை எப்படி இருக்கும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். எழுபது இரவு பார்த்தவர் மலையடியிலேயே இருக்கிறார்.

அடுத்த கணக்கெடுப்புக்கு முன் வனத்துறை செய்யக்கூடியது பெரிய செலவில்லாத காரியம். மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பரண் போட்டவர்களை அழைத்து, தேதி, நேரம், எண்ணிக்கை, வந்த திசை என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டைக் கையில் கொடுக்கட்டும். அறுவடை முடிந்து பரண் கம்பைப் பிரிக்கிற வாரம் போய் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.